நாடு மூன்று, அறை ஒன்று

மூன்று நாற்காலிகளிலும் செண்பகவல்லியே உட்கார்ந்திருந்தாள்.

இடது நாற்காலியில் இருந்தவள் வியட்நாமில் மூன்று வருடம் குடியிருந்துவிட்டு வந்தவள். தலைமுடியைக் கழுத்தளவுக்குக் கத்தரித்திருந்தாள். வலது நாற்காலிக்காரி பராகுவேயிலிருந்து வந்திருந்தாள். நன்றாகக் கறுத்து, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நடுவில் இருந்தவள் ஜார்ஜியா. கம்பளிச் சட்டையின் கைகளை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்த அறையில் குளிரே இல்லை என்பதை இன்னும் நம்பாதவளாக உட்கார்ந்திருந்தாள். மூன்று பேருக்கும் மேலுதட்டின் வலது ஓரத்தில் ஒரே மச்சம்.

நம் கதை நடுவில் இருப்பவளைப் பற்றியது. அவளைச் செண்பகம் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற இருவரையும் நாட்டின் பெயரால் அழைத்தால் யாருக்கும் குழப்பம் வராது.

"முடிய ஏம்ட்டி வெட்டுன?" என்று வியட்நாமைக் கேட்டாள் செண்பகம்.

"வருசத்துல எட்டு மாசம் மழை. துவட்டித் துவட்டி ஓஞ்சு போனேன். காயாத தலையில பேன் வேற."

"ஒத்திகையிலகூடவா பேன் வைப்பான்?"

"எல்லாம் வச்சிருக்கான். அசலுக்கு வரக்கூடியது ஒண்ணும் விட்டுப்போகப்படாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான், பாவி."

பராகுவே சிரித்தாள். அது தன்னுடைய சிரிப்புதான் என்று செண்பகத்துக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து கேட்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

கோவில்பட்டியில் மாசி முதல் புரட்டாசிவரை 'வெப்பப் பூட்டு'. காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க வாசல் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். வெயிலில் மணிக்கணக்காக நின்றவர்கள் வரிசையாகச் செத்துப்போன ஒரு கோடைக்குப் பிறகு அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு அது. செண்பகவல்லிக்கு வீட்டிலிருந்தே வேலை. மிக்சியோ, தையல் மெஷினோ, மூட்டுவலிப் பட்டையோ வாங்கினால் கூடவே ஒரு விளக்கத்தாள் வருமே, அதில் இயந்திரம் எழுதியிருக்கும் தமிழை மனிதத் தமிழாக்குவாள். வருகிற சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் மகள் முத்தரசியின் படிப்புக்கும் இழுத்துப் பிடித்தால் போதும். அந்த வேலையை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் செய்யலாம். ஆகவே ஊரைவிட்டுப் போகலாம். எங்கே போவது?

பெரிய சம்பளக்காரர்களுக்கு எந்த நாடும் கதவைத் திறக்கும். போய்ப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த நாட்டுக்கு மூட்டையைக் கட்டுவார்கள். இல்லாதவர்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. இடைப்பட்டவர்களுக்கென்று 'எளிய வருமானப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. அதில் செண்பகவல்லியின் பெயருக்கு மூன்று நாடுகள் விழுந்தன. ஆயுளுக்கு ஒரே ஒரு தடவைதான் தேர்ந்தெடுக்கலாம். போய்விட்டால் பத்து வருடம் வேறு எங்கும் நகர முடியாது, சொந்த ஊருக்கும்கூட.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஒத்திகை நிலையம். அதன் கோவில்பட்டிக் கிளையில் இருந்த ஞானதுரை என்ற அலுவலர் அன்று காலையில் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தார்.

"பொண்ணு குடுக்குற வீட்டுக்கு முன்னாடியே நாலு பேரு போய்ப் பாத்துட்டு வாரதில்லையாக்கா, அதே மாதிரிதான். போறவுக எல்லாம் நீங்களாவே இருப்பீங்க, அவ்வளவுதான். ஒங்க மனச மூணு நகல் எடுப்போம். ஒவ்வொண்ணும் ஒரு நாட்டுல, இதே சம்பளத்துல, மூணு வருசம் குடித்தனம் பண்ணும். வெளிய நமக்கு நாலு மணி நேரம்."

"முடிஞ்சதும்?"

"எந்த நாடுன்னு முடிவு பண்ணுதீங்களோ, அந்த நகலோட ஞாபகத்த அப்படியே ஒங்களுக்குள்ள வார்த்துருவோம். போய் எறங்கும்போதே பாஷை தெரியும், கடை தெரியும், எந்த பஸ் எங்க போகும்னு தெரியும்."

"மத்த ரெண்டும்?"

"அணைச்சிருவோம். லைட்ட அணைக்குற மாதிரி. ஒண்ணும் தெரியாதுக்கா."

"எம்மக?"

"பாப்பாவ நகல் எடுக்கப்படாது. பதினாலு வயசுக்குக் கீழ சட்டம் விடாது. ஒங்க ஞாபகத்துல இருக்க பாப்பாவ வச்சே மெஷின் ஒரு பாப்பாவ உண்டாக்கிரும். ஒங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அவள் கையெழுத்துப் போட்டாள். அப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும், கடைசியில் நாற்காலியைவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகப்போவது தாம்தான் என்று நினைத்துக்கொண்டே போடுகிறார்கள். செண்பகத்துக்கு அந்தக் கையெழுத்து நன்றாக நினைவிருந்தது. போட்டது அவள்தானே! பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, குத்தாயிசி என்ற ஜார்ஜிய நகரத்தில் பனி பெய்துகொண்டிருந்தது.

"சரி, இருந்த நாட்டப் பத்தி எழுதிக் குடுக்கச் சொன்னான்லா, நீ என்ன எழுதுன?" என்று பராகுவே கேட்டாள்.

"உள்ளத எழுதுனேன்" என்றாள் செண்பகம்.

"நானும் உள்ளதத்தான் எழுதுனேன்."

"நான் மட்டும் இல்லாததயா எழுதுனேன்?" என்றாள் வியட்நாம்.

ஒருத்தியின் நாடு ஜெயித்தால் அவள் ஒருத்திதான் மிஞ்சுவாள். அசலின் மண்டைக்குள் கலந்தாவது மிஞ்சுவாள். மற்ற இருவருக்கும் இந்த அறைதான் கடைசி. செண்பகம் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு வரிகூடக் குறை சொல்லவில்லை. சாக அவளுக்கு விருப்பம் இல்லை. அதற்கு வெட்கப்படவும் இல்லை.

எதிர்ச்சுவர் வெளுத்து, கண்ணாடிபோல ஆனது. அந்தப் பக்கம் ஒத்திகை நிலையத்தின் அறை தெரிந்தது. மின்விசிறி, மேசை, ஞானதுரை. அவருக்குப் பக்கத்தில், கடுகு நிறச் சேலையும் நெற்றி வேர்வையுமாக அசல் செண்பகவல்லி.

"அக்கா, சத்தம் கேக்குதா?" என்றார் ஞானதுரை.

"கேக்குது" என்று நான்கு பேரும் சொன்னார்கள்.

"எந்த அக்கா சொன்னீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அசல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"மரியாத குடுத்தே பேசு" என்றாள் பராகுவே. "நாங்க ஒனக்கு மூணு வருசம் மூத்தவக. அக்கான்னு கூப்பிடணும்."

"நீ ரொம்பப் பேசுத. அங்க போயிக் கத்துக்கிட்டியா?"

"இங்கயே இருந்ததுதான். ஒனக்குத்தான் பேச ஆளில்ல."

அசல் மேசைமேல் இருந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"நீங்க எழுதுனது எல்லாத்தயும் படிச்சேன். வியட்நாம்ல வீட்டு வாடகை கம்மி, காய்கறி நல்லா இருக்கு. பராகுவேல பக்கத்து வீட்டுக்காரவுக தங்கமானவுக. ஜார்ஜியாவுல ரொட்டி மணக்குது, புழுக்கம் கெடையாது. எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் ஒருத்தியும் எழுதல." அவள் நிமிர்ந்தாள். "வேல பாக்க உக்காந்தா, சன்னல் வழியா என்ன தெரியும்?"

வியட்நாம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மலை தெரியும். மலை நெடுக ஊசியெல மரம். காலைல மேகம் அப்படியே எறங்கி வரும்."

"எனக்கு ஆறு" என்றாள் பராகுவே. "கடல் மாதிரி இருக்கும்."

"ஒரு பழைய பாலம்" என்றாள் செண்பகம். "கீழ தண்ணி வெள்ளையா ஓடும். பாலத்துல நின்னு பயலுக..."

"போதும்" என்றாள் அசல்.

அவள் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. பேயைக் கண்டவள் மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்குகிறவள் மாதிரியும் இருந்தது.

"மூணு பேரும் மச்சத்தத் தொட்டுத் தொட்டுப் பேசுதீங்க."

மூன்று கைகளும் சட்டென்று மடிக்கு இறங்கின.

"நானும் பொய் சொன்னா இதத்தான் செய்வேனா? முப்பத்தேழு வருசமா எனக்கே தெரியாது பாரு." அவள் கண்ணாடிக்கு அருகே வந்தாள். "இப்ப சொல்லுங்கட்டி. எங்கிட்டயே பொய் சொல்லி என்ன கெடைக்கப்போகுது? சன்னல்ல என்ன தெரியும்?"

வியட்நாம் ஒரு கையை மறு கையால் மடியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வீட்டுத் தகரம்" என்றாள் வியட்நாம். "அதுல மழை விழும். காலைலருந்து ராத்திரி வரைக்கும் அந்தச் சத்தம்தான்."

பராகுவே தலையைக் குனிந்துகொண்டாள். "அங்கயும் வெயில்தான். ஏசி இருந்த ரூமுக்குச் சன்னலே கெடையாது. அந்த ரூமுக்குள்ளயேதான் இருந்தோம்."

"பக்கத்து வீட்டுக்காரவுக?"

"தங்கமானவுகதான். சாயங்காலமானா வாசல்ல உக்காந்து ஒரே கொம்புச் செம்புல மூலிகைத் தண்ணி போட்டு, ஒரே கொழல் வச்சு மாத்தி மாத்தி உறிஞ்சிக் குடிப்பாக. வா வான்னுதான் சொன்னாக. அடுத்தவுக எச்சிக் கொழல்ல எப்படி வாய வைக்கிறதுன்னு ஒரு நாள் சாக்குச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அப்புறம் கூப்பிடல."

"நீ?" என்று அசல் செண்பகத்தைப் பார்த்தாள்.

"சன்னல் உண்டு. கம்பளிய ஆணியடிச்சு மறச்சிருந்தேன். நம்ம சம்பளத்துக்கு ஒரு ரூமுக்குத்தான் கணப்புப் போட முடியும். மத்த ரூம பூட்டிட்டோம். வேல, சாப்பாடு, படுக்க எல்லாம் ஒரே எடம். ரொட்டி மணக்குறது நெசம். எதிர்க்கடைக்காரி நானான்னு ஒருத்தி. ரொட்டிய வாங்கிட்டு, கைய கம்பளிக்குள்ள விட்டுக்கிட்டு ஓடியாந்துருவேன். நின்னு பேசுனதில்ல."

"நாடு மூணு" என்று அசல் மெல்லச் சொன்னாள். "ரூமு ஒண்ணு."

ஞானதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, மணி நாலரை. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து ஆகலேன்னா ஒங்க பேரு பிரிவுலருந்து விழுந்துரும். மறுபடியும் வராது. ஒத்திகையும் ஒருத்தருக்கு ஒரு தடவதான். அப்புறம் இந்த ஊர்தான், பாத்துக்கோங்க."

அசல் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து மூன்று சின்னக் காகிதப் பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். விளக்கத்தாளைக் கிழித்து மடித்த பொட்டலங்கள்.

"பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள். "செவ்வரளி ஜார்ஜியாவுக்கு. நந்தியாவட்டை வியட்நாம். மஞ்சச் செவந்தி பராகுவே. முத்தரசி ஒண்ணத் தொடட்டும். எது வருதோ அது."

நாற்காலியில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முடிவெடுக்க முடியாதபோது வெவ்வேறு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். செண்பகவல்லிக்குப் பதினான்கு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் கல்யாணம் நிச்சயமானது. சாத்தூர் வாத்தியார் ஒரு வரன். விளாத்திகுளத்துக் கப்பல் மெக்கானிக் ஒரு வரன். அப்பாவுக்கு எதைத் தள்ளுவது என்று தெரியவில்லை. பொட்டலம் மடிக்கும் வேலையை மகளிடமே கொடுத்தார். அவள் இரண்டிலும் மெக்கானிக்கின் சிவப்புப் பூவையே வைத்து மடித்தாள்.

"அம்மனே பாத்துக் குடுத்த மாப்பிள்ள" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாப்பிள்ளை, முத்தரசிக்கு இரண்டு வயதானபோது கப்பலேறிப் போய், வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அம்மன்மேல் பழி போட்ட குற்றத்தைச் செண்பகவல்லி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நான்கு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

'இவள் முன்பே முடிவு பண்ணிவிட்டாள்' என்று செண்பகம் நினைத்தாள். 'மூன்று பொட்டலத்திலும் ஒரே பூதான் இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் அம்மன்மேல் போடுகிறாள்.' எந்தப் பூ? வியட்நாமும் பராகுவேயும் அதையேதான் நினைக்கிறார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"பாப்பாவ உள்ள விடப்படாதுக்கா" என்றார் ஞானதுரை. "நகல்கள பிள்ளைங்க பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"காலைலருந்து வெளி ஹால்ல ஒத்தையில உக்காந்துருக்கா. அதுக்கு ஒரு விதியும் இல்லயோ? கூப்பிடுங்க."

கதவு திறந்தது. முத்தரசி வந்தாள்.

செண்பகம் மூன்று வருடம் வளர்த்த முத்தரசிக்குப் பதினான்கு வயது. சடை பின்னி, கேட்டதற்குப் பதில் சொல்லி, படுக்கையை மடித்து வைக்கிற பெண். இது பதினொரு வயதுப் பிள்ளை. முழங்கையில் உரிந்த காயம், ஒரு காலில் மட்டும் செருப்பு. மற்றதை ஹாலிலேயே விட்டுவிட்டாள் போல. கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"ஐயோ, மூணா? எனக்கு ஒண்ணையே சமாளிக்க முடியல" என்றாள்.

ஞானதுரை வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாயடிக்காத" என்றாள் அசல். "இதுல ஒரு பொட்டலத்த எடு. எடுத்துப் பிரி."

"எதுக்கு?"

"எடுன்னா எடேன் தாயி. நேரமாச்சு."

முத்தரசி நடுப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

ஜார்ஜியா!

பிழைத்துவிட்டோம் என்ற ஒரே எண்ணம் செண்பகத்தின் மண்டை முழுக்க ஓடியது. பக்கத்தில் பராகுவே மூச்சை விட்ட சத்தம் கேட்டது. வியட்நாம் கத்தரித்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, "சரி, போ. நல்லாரு" என்றாள். தனக்கே தான் சொல்கிற வாழ்த்து. அதில் கசப்பும் கலந்திருந்தது.

அதற்குள் முத்தரசி மற்ற இரண்டு பொட்டலங்களையும் பிரித்துவிட்டாள்.

"எம்மா, எல்லாத்துலயும் செவப்புத்தான் இருக்கு."

அசலின் கை மெல்ல மேலே எழுந்து மச்சத்தைத் தொட்டது. "அது... பூக்காரி தப்பாக் குடுத்துருப்பா."

"பூவ வாங்கி மடிச்சது நீதான. நான்தான பக்கத்துல நின்னேன்." முத்தரசி மூன்று பூக்களையும் ஒன்றாக அள்ளினாள். "நீயே முடிவு பண்ணிட்டு என்னைய எதுக்கு எடுக்கச் சொன்ன?"

நான்கு தாய்மாரும் அவள் கையிலிருந்த பூக்களையே பார்த்தார்கள்.

"குளுந்த எடம்னா போதும்னு தோணிச்சு தாயி" என்று அசல் கடைசியில் சொன்னாள். "ஒத்திகைக்கு முன்னாடியே தோணிட்டு. சரின்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா தைரியமா இருக்கும்லா."

முத்தரசி கண்ணாடியருகே வந்தாள். கம்பளிச் சட்டை போட்டவளைச் சரியாகக் கண்டுபிடித்து, "நீதான ஜார்ஜியா?" என்றாள்.

"ஆமா தாயி."

"அங்க நான் எப்படி இருந்தேன்?"

இந்தக் கேள்விக்குச் செண்பகம் மூன்று வருடமாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள். "ரொம்ப நல்லா இருந்த. பாஷைய ஆறு மாசத்துல பிடிச்சுக்கிட்ட. அங்க எல்லாருமே பாடுவாக. பாட்டு வகுப்ப நீ அங்கயும் விடல. பள்ளிக்கூடத்துப் பாட்டுக் கூட்டத்துல நீதான் முன்வரிசை."

"பாட்டு வகுப்பா?" முத்தரசி முகத்தைச் சுளித்தாள். "நான் அத விட்டு எட்டு மாசமாச்சு."

அசல் திரும்பினாள். "என்ன சொல்லுத? தெனமும் மூணு மணிக்கு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு, பாட்டு டீச்சர் வார கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்து வச்சு..."

"தொறந்து வப்பேன். பாட்டு ஓடும். நான் இருக்க மாட்டேன்."

"எங்க போவ? வீடுதான் பூட்டிக் கெடக்கே?"

"குளியலறை வெண்டிலேட்டர் வழியா ஏறினா மொட்டமாடி. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு ஓணான் இருக்கு. அதுக்குத் தண்ணி வைப்பேன்." காயம்பட்ட முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். "இது அங்க ஏறையில பட்டது. நீ கேட்டப்போ குளிக்கையில வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்."

"அந்த வெயில்லயா!" என்று நான்கு குரல்கள் ஒன்றாக அலறின.

"தொட்டி நெழல் இருக்கும்லா. பத்து நிமிசத்துல எறங்கிருவேன். தலையில ஈரத்துண்டு போட்டுக்கிடுவேன். எனக்குத் தெரியாதா?" அவள் மறுபடியும் செண்பகத்தைப் பார்த்தாள். "ஜார்ஜியாவுல ஓணான் உண்டா?"

செண்பகம் கம்பளிக் கையை மறுபடி விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியாதுட்டி" என்றாள் பிறகு. "நான் பாக்கல."

"மூணு வருசமாவா பாக்கல?"

"நீ கேட்டிருந்தா பாத்திருப்பேன். எங்கூட இருந்தவ கேக்கவே இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவளுக்கே தெரிந்தது. குத்தாயிசியின் அந்தப் பூட்டிய அறையில், கணப்புக்குப் பக்கத்தில், மூன்று வருடமாக ஒரு பிள்ளை அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. பாடச் சொன்னால் பாடியது. வெளியே குளிர், போகாதே என்றால், "சரிம்மா" என்றது. ஒரு நாள்கூட அவளுக்குத் தெரியாத எதையும் செய்ததில்லை. எப்படிச் செய்யும்? அவள் நினைவிலிருந்து உண்டாக்கிய பிள்ளை, அவளுக்குத் தெரிந்ததை மட்டும்தானே செய்யும்! பிள்ளை நன்றாக ஒத்துப்போகிறது என்று பன்னிரண்டு பக்கம் எழுதினாளே, அது யாரைப் பற்றி?

"எங்கூட இருந்தவளும் சரிம்மாதான்" என்று வியட்நாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பராகுவே மூக்கை உறிஞ்சினாள். "நான் நல்லபடியா வளத்துட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அக்கா, மணி நாலு நாப்பது" என்றார் ஞானதுரை. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "ஜார்ஜியான்னா, இதுல ஒரு கையெழுத்து. வார்ப்புக்கு ஒரு கையெழுத்து. வார்க்கப் பத்து நிமிசம் ஆகும்."

அசல் பேனாவை எடுத்தாள். முதல் தாளை அப்படியே வைத்துவிட்டு, வார்ப்புத் தாளில் பேனாவை வைத்தாள்.

அந்தப் பேனா ஒரு கோடு இழுத்தால் போதும். செண்பகத்துக்கு வேர்வை வரும், பசி வரும், கோவில்பட்டிச் சாயங்காலக் காற்று வரும். வேறொருத்தியின் தலைக்குள்தான். ஆனால் அவள் வேறொருத்தி இல்லையே.

"ஏட்டி" என்றாள் செண்பகம். "அதுல போடாத."

"எதுல?"

"வார்ப்புல. ஜார்ஜியாவுக்குப் போறதும் போகாததும் ஒங்க ரெண்டு பேரு பாடு. ஆனா என்னைய ஒனக்குள்ள ஊத்திக்கிடாத."

வியட்நாம் எழுந்தே விட்டாள். "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நாங்க ரெண்டு பேரும் கெடந்து தவிக்கோம், கையில வந்தத..."

"இருட்டி. நான் சொல்லி முடிச்சிருதேன்." செண்பகம் அசலைப் பார்த்தே பேசினாள். "என் ஞாபகத்துல பாஷை இருக்கு, கடை இருக்கு, எல்லாம் இருக்கு. கூடவே ஒரு பிள்ளையும் இருக்கா. சடை கலையாம, சொன்ன சொல் தட்டாம, மூணு வருசம். அவளும் ஒனக்குள்ள வந்துருவா. அப்புறம் ஒவ்வொரு தடவ இவ எதுத்துப் பேசும்போதும், ஒத்தச் செருப்போட வந்து நிக்கும்போதும், ஒன் மனசு அவளத்தான் தேடும். 'அவ இப்படியா இருந்தா'ன்னு கேக்கும். இவளுக்கு அது புரியாது. ஒனக்கே ஏன்னு புரியாது."

அசல் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். "பாஷை தெரியாம அங்க போயி என்ன செய்வேன்?"

"நானாகிட்டப் போயிப் பேசு. நான் கொண்டாந்த பயத்தக் கொண்டு போனா, நீயும் ரொட்டிய வாங்கிட்டு ஓடத்தான் செய்வ. தெரியாமப் போனா, வேற வழியில்லாம நின்னு கேப்ப."

"நீ?"

"நான் என்ன?" செண்பகம் சிரிக்கப் பார்த்தாள். கை தன்னை அறியாமல் மச்சத்துக்குப் போனது. "எனக்கு ஒண்ணும் இல்ல."

அதை அசல் பார்த்தாள். வியட்நாமும் பார்த்தாள். பராகுவே எட்டி, அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வார்ப்புத் தாளை அசல் நான்காக மடித்து ஞானதுரையிடம் கொடுத்தாள். இன்னொரு தாள் மேசையில் இருந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது.

"ஏட்டி முத்து" என்றாள் அசல். "இங்க வா. பூவெல்லாம் கீழ போடு. இப்ப நெசமாவே கேக்கேன். போவமா, இருப்பமா?"

முத்தரசி பூக்களைக் கீழே போடவில்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, அவங்கள அணைச்சிறலாமா?" என்று ஞானதுரை தயங்கிக் கேட்டார். "வார்ப்பு இல்லேன்னா மூணையும்..."

"பொறுங்க தம்பி. இவ சொல்லுததக் கேட்டுட்டுப் போகட்டும்."

மூன்று பேரும் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்கள். முத்தரசி யோசித்தாள். ஒற்றைச் செருப்பைத் தரையில் தேய்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் இருந்த மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

குத்தாயிசியில் அந்த உதடு பிரியும் முன்பே செண்பகத்துக்கு வார்த்தை தெரிந்துவிடும். இப்போது அவள் கம்பளிக் கையை மேலே தள்ளிவிட்டு, முன்னால் சாய்ந்து காத்திருந்தாள். பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை.